வளையத்தில் பிறந்த கேக்

அன்னாசிப் பழத்துக்கு நடுவில் ஓட்டை கிடையாது. அங்கே இருப்பது கடிக்கக் கடிக்கச் சக்கையாகிற தண்டு. நம் ஊர் தள்ளுவண்டிக்காரர் தோலைச் சீவி, கண்களைச் சாய்வாகக் கீறி எடுத்து, நீளவாக்கில் பிளந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பார். தண்டும் சேர்ந்தே வரும். பல் உறுதியாக இருக்கிறவர்கள் மென்று தின்பார்கள். ஆனால் 'பைனாப்பிள் கேக்' என்று ஒரு படம் போடச் சொன்னால், சின்னப் பிள்ளைகூட நடுவில் ஓட்டை வைத்த மஞ்சள் வட்டத்தைத்தான் போடும். அந்த வட்டம் செடியில் காய்த்ததல்ல. ஹோனலூலுவில், ஓர் இயந்திரத்தில் காய்த்தது.

அந்த இயந்திரம் வந்திராவிட்டால் பைனாப்பிள் அப்சைட்-டவுன் கேக் என்ற பண்டமும் வந்திருக்காது. வீட்டில் செய்யக்கூடிய பழக் கேக்குகளில் இதைவிட எளிதானது குறைவு. சட்டியின் அடியில் வெண்ணெயையும் பழுப்புச் சர்க்கரையையும் உருக்கி, அதன்மேல் அன்னாசி வட்டங்களை அடுக்கி, ஓட்டைக்குள் ஒரு சிவப்புச் செர்ரியை வைத்து, மேலே மாவுக் கரைசலை ஊற்றிச் சுட்டு, தட்டில் கவிழ்த்தால் வேலை முடிந்தது. மேலே க்ரீம் பூசத் தெரிய வேண்டாம், பூப்போடத் தெரிய வேண்டாம். அலங்காரம் அடியிலேயே தயாராகி, கவிழ்த்ததும் மேலே வந்துவிடும். இதை யார் முதலில் செய்தார் என்று கேட்டால் பல புத்தகங்களும் ஒரு நிறுவனத்தின் பெயரையும் ஒரு போட்டியையும் சொல்லி முடித்துவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. நிறுவனம் கொடுத்தது வட்டத்தை. கேக்கைக் கொடுத்தவர்கள் வேறு.

வட்டத்தின் கதையிலிருந்தே வருவோம்.

அன்னாசிக்கு ஒரு குணம் உண்டு. செடியிலிருந்து அறுத்த பிறகு அது இனிப்பேறாது. வாழையையும் மாம்பழத்தையும் காயாக அறுத்து வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்கலாம். அன்னாசியை அறுத்து வைத்தால் நிறம் மாறும், மணம் கொஞ்சம் கூடும், அழுகவும் செய்யும், ஆனால் சர்க்கரை கூடாது. செடியிலேயே பழுக்கவிட்டு அறுத்தால் கப்பலில் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும். காயாக அறுத்தால் போய்ச் சேரும், புளிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு கரீபியன் தீவுகளிலிருந்து வந்த அன்னாசியின் கதி இதுதான். அதனால் நல்ல அன்னாசி என்பது பணக்காரர் வீட்டு விருந்து மேசையின் நடுவில் அழகுக்கு நிற்கிற பொருளாக இருந்தது. சாதாரண வீட்டில் அதைச் சட்டிக்குள் போட்டுச் சுடுவதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத செலவு. இதற்கு ஒரே வழி, பழுத்த இடத்திலேயே பழுத்த அன்றே டின்னில் அடைப்பதுதான்.

ஹவாயில் அதை முதலில் பெரிதாக முயன்றவர் ஜான் கிட்வெல் என்ற தோட்டக்காரர். 1880-களின் நடுவில் ஜமைக்காவிலிருந்து நல்ல ரகக் கன்றுகளை வரவழைத்து நட்டார். டின்னில் அடைக்கவும் செய்தார். ஆனால் ஹவாய் அப்போது தனி நாடு. பதப்படுத்திய பழத்துக்கு அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி அவர் லாபத்தை விழுங்கிவிட்டது. பிறகு நடந்தது அரசியல். 1893-ல் அமெரிக்க வணிகர்களும் கரும்புத் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து லிலியுவோகலானி அரசியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அதன்பின் அமைந்த குடியரசுக்குத் தலைவரானவர் சான்ஃபோர்ட் டோல். 1898-ல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன, வரி போவதற்கும் வழி பிறந்தது. மறு ஆண்டே பாஸ்டனிலிருந்து சான்ஃபோர்டின் உறவுக்கார இளைஞர் ஒருவர், ஹார்வர்டில் படிப்பை முடித்த கையோடு, ஹோனலூலுவில் வந்து இறங்கினார். பெயர் ஜேம்ஸ் டோல். வயது 22.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. கேக் மேல் பளபளக்கிற அந்த மஞ்சள் வட்டத்துக்கு அடியில், ஒரு நாட்டின் அரசியைச் சொந்த அரண்மனையிலேயே சிறை வைத்த கதையும் கிடக்கிறது. சமையல் குறிப்புகளில் இது வராது. வந்தால் பசி போய்விடும் என்று நினைத்திருப்பார்கள் போல.

ஜேம்ஸ் டோல் 1901-ல் ஹவாயன் பைனாப்பிள் கம்பெனியைத் தொடங்கினார். ஓவாஹு தீவின் நடுவில் வாஹியாவா என்ற மேட்டுச் செம்மண் பகுதியில் நிலம். 1903-ல் முதல் பருவத்தில் 1,893 பெட்டி டின்கள் அடைத்தார். சில ஆண்டுகளில் தொழிற்சாலையை ஹோனலூலு துறைமுகத்தை ஒட்டிய இவிலேய் பகுதிக்கு மாற்றினார். அவர் நட்டதும் கிட்வெல் கொண்டுவந்த அதே ரகம்தான். ஸ்மூத் கேயென் என்று பெயர். இலையில் முள் கிட்டத்தட்ட இருக்காது, உள்ளே நடந்து அறுக்க வசதி. பழம் பெரிது, சாறு அதிகம். இன்னொன்று முக்கியம். மற்ற ரகங்களைப்போல மேலே குறுகாமல், அடியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒரே பருமனாக, உருளையாக இருக்கும். டின்னும் உருளை. டின்னுக்காகவே பிறந்த பழம் என்று சொல்லலாம்.

இந்த ரகத்துக்கு நம் பக்கத்தோடு ஒரு தொடர்பு இருக்கிறது. தென்னமெரிக்கப் பழங்குடி மக்கள் வெகுகாலமாகப் பேணிவந்த இந்த ரகத்தை, 1820-ல் பிரெஞ்சு கயானாவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுபோனவர் சாமுவேல் பெரோத்தே என்ற தாவரவியலாளர். வெர்சாய் தோட்டத்தில் வளர்ந்து, ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களில் பெருகி, அங்கிருந்துதான் உலகம் சுற்றப் புறப்பட்டது. பெரோத்தே பிற்காலத்தில் நீலகிரி மலையில் செடி செடியாகத் தேடித் தொகுத்தார், பிரெஞ்சு அரசின் தாவரவியலாளராகப் புதுச்சேரியிலேயே தங்கிவிட்டார். 1870-ல் காலமானதும் அங்கேதான். இந்தியாவில் இன்று 'கியூ' என்ற பெயரில் விளைகிற பெரிய அன்னாசி இதே ஸ்மூத் கேயென் வம்சம்தான்.

இனி இயந்திரம். 1911-ல் டோல் ஹென்றி ஜினாக்கா என்ற பொறியாளரை வேலைக்கு அமர்த்தினார். அதுவரை தோல் சீவுவது, தண்டு எடுப்பது எல்லாம் கைவேலை. விளைச்சல் ஏற ஏறக் கைகள் போதவில்லை. ஜினாக்கா செய்த கருவியின் வேலை முறை, பார்த்தால் மிக எளிது. பழத்தைப் படுக்கவைத்து, சுழலும் ஒரு குழாய்க் கத்திக்குள் தள்ளும். குழாய்க்குள் போவது ஒரே அளவான சதை உருளை, வெளியே நிற்பது தோல். அடுத்து இரண்டு முனைகளும் அறுபடும். நடுத்தண்டைக் குத்தி வெளியே தள்ளிவிடும். தோலில் ஒட்டி நின்ற சதையையும் சுரண்டி எடுத்துத் துருவலாகவும் சாறாகவும் விற்றார்கள், வீணடிக்கவில்லை. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 35 பழம் என்றிருந்த வேகம் பிறகு நூறை எட்டியது. ஜினாக்கா அதன் முழுப் பயனையும் பார்க்க இருக்கவில்லை. 1918-ல் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சலில் போய்விட்டார்.

இயந்திரத்திலிருந்து விழும் உருளைகள் நீள மேசைகளில் வரிசையாக வரும். இரு பக்கமும் வெள்ளைத் தொப்பி, வெள்ளை அங்கி போட்ட பெண்கள். விட்டுப்போன கண்களையும் தோல் துணுக்குகளையும் சின்னக் கத்தியால் நோண்டி எடுப்பது அவர்கள் வேலை. எல்லோர் கையிலும் ரப்பர் உறை. சுத்தத்துக்காக மட்டுமல்ல. பச்சை அன்னாசியில் ப்ரோமெலைன் என்று ஒரு நொதி இருக்கிறது. புரதத்தை அரித்துக் கரைக்கக்கூடியது. அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு புண்ணானதுபோல் எரிவது அதனால்தான். நாள் முழுக்க அந்தச் சாற்றில் கை ஊறினால் தோல் என்ன ஆகும்? ஜப்பானிய, சீன, பிலிப்பைன்ஸ், ஹவாய்ப் பெண்கள் பருவம் தவறாமல் நின்ற மேசைகள் அவை. அவர்கள் கைக்குப் பிறகுதான் உருளை அறுபட்டு வட்டங்களாகும்.

ஒரே அளவான வட்டம் என்பதில்தான் இந்தக் கேக்கின் ரகசியம் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை மேசையில் வைத்து, அதைத் தொட்டபடி சுற்றிலும் அதே நாணயங்களை வைத்துப் பாருங்கள். சரியாக ஆறு பிடிக்கும், இடைவெளி விழாது, ஏழாவதுக்கு இடமிருக்காது. டின் அன்னாசி வட்டம் சுமார் எட்டு சென்டிமீட்டர். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று வைத்தால் மொத்தம் இருபத்துநான்கு சென்டிமீட்டர் அகலம். அமெரிக்க வீடுகளில் அப்போது எங்கும் இருந்த பத்து அங்குல வார்ப்பிரும்புச் சட்டியின் அடிப்பாகம் கிட்டத்தட்ட அதே அளவு. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. டின் ஒரு கணக்கில் வந்தது, சட்டி ஒரு கணக்கில் வந்தது. இரண்டும் சட்டியின் அடியில் சந்தித்துப் பூக்கோலமாக உட்கார்ந்தன.

சட்டிக்கும் ஒரு முன்கதை உண்டு. வீட்டுக்கு வீடு 'அவன்' அடுப்பு வராத காலத்தில், அமெரிக்கக் குடியானவர்கள் கால் வைத்த இரும்புச் சட்டியைக் கங்கின் மேல் வைத்தே பலதையும் சுட்டார்கள். சட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு, ஆப்பிளோ செர்ரியோ பரப்பி, மேலே மாவு ஊற்றிச் சுட்டுக் கவிழ்ப்பது பழைய வழக்கம். 'சட்டிக் கேக்' என்பார்கள். பேக்கிங் பவுடர் கடைகளில் கிடைக்கத் தொடங்கிய பிறகு மாவு உப்புவதற்கு முட்டையை அரை மணி நேரம் அடிக்கவேண்டிய பாடும் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் காஸ் அவன்கள் வந்தன. கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று சூடு பார்த்த தலைமுறை ஓய்ந்தது. 1920-களின் தொடக்கத்தில் 'தலைகீழ்க் கேக்' என்ற பெயரோடு குறிப்புகள் பத்திரிகைகளில் தலைகாட்டின. அவற்றில் உலர்ந்த பிளம் பழம் வைத்ததும் உண்டு. ஆக, சட்டி தயார், மாவு தயார், பெயரும் தயார். வட்டம் வந்து விழ வேண்டியதுதான் பாக்கி.

அது விழுந்த சமயத்தில் டோலுக்கு ஒரு நெருக்கடி. 1922-ல் அவர் லானாய் என்ற தீவையே 11 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். தீவைத் திருத்தித் தோட்டமாக்கி, தொழிலாளர்களுக்கு ஊர் கட்டி, பழம் ஏற்றத் துறைமுகமும் கட்டினார். உலகிலேயே பெரிய அன்னாசித் தோட்டம் அதுதான் என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. விளைவது விளையட்டும், தின்பது யார்? டின்னைத் திறந்து அப்படியே தின்றால் எத்தனை டின் போகும்? சமையலுக்குள் நுழைந்தால்தான் மாதாமாதம் டின் வாங்குவார்கள்.

1925-ல் ஹவாய் அன்னாசிக்காரர்கள் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகளில் ஒரு போட்டியை அறிவித்தார்கள். அன்னாசியை வைத்துச் செய்யும் உங்கள் குறிப்பை அனுப்புங்கள், தேறியதற்குப் பரிசு. நடுவர்களாகப் பாஸ்டனின் புகழ்பெற்ற ஃபேனி ஃபார்மர் சமையல் பள்ளியிலிருந்தும், 'குட் ஹவுஸ்கீப்பிங்', 'மெக்கால்ஸ்' பத்திரிகைகளிலிருந்தும் ஆட்களைப் போட்டார்கள். வந்து குவிந்தவை சுமார் 60,000 குறிப்புகள். அவற்றில் 2,500 குறிப்புகள் ஒரே பண்டம்: பைனாப்பிள் அப்சைட்-டவுன் கேக். இருபத்துநாலு கடிதத்துக்கு ஒன்று என்ற கணக்கு.

இந்த 2,500 என்ற எண்ணை எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதிவிட்டு, 'ஆகவே கேக் இந்தப் போட்டியில் பிறந்தது' என்று முடிக்கிறார்கள். எண் சொல்வது நேர் எதிரானது. ஒருவரையொருவர் அறியாத 2,500 பேர், வெவ்வேறு மாநிலங்களில் இருந்துகொண்டு, ஒரே கேக்கை எழுதி அனுப்புகிறார்கள் என்றால் அது அன்று பிறந்திருக்க முடியுமா? அதற்கு முன்பே அண்டை வீட்டில் பார்த்து, மாதா கோயில் விருந்தில் தின்று, கையால் எழுதி வாங்கி, நாட்டின் பாதி அடுப்படிகளில் அது வெந்துகொண்டிருந்திருக்கிறது. 1920-களின் நடுவிலேயே சியாட்டில் நகரத்து நிதி திரட்டும் சமையல் புத்தகம் ஒன்றில் இதே பண்டம் வேறு பெயரில் இருந்தது. ஒரு மாவு நிறுவனமும் 1925-லேயே வட்டமும் செர்ரியுமாக வண்ணப்படம் போட்டு விளம்பரம் செய்தது. போட்டி செய்தது பிறப்பைப் பதிவு செய்த வேலை. பிள்ளை பெற்றவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

தேர்ந்தெடுத்த நூறு குறிப்புகள் மறு ஆண்டு சிறு நூலாக வந்தன. அதில் அப்சைட்-டவுன் கேக் குறிப்புக்கு உரியவர் வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் நகரத்துப் பெண் ஒருவர். அக்கால வழக்கப்படி அச்சில் வந்தது 'திருமதி' போட்டு அவர் கணவரின் பெயர். அவருக்கென்று இருந்த பெயர் அதில் இல்லை. இயந்திரம் செய்தவர் பெயர் இயந்திரத்துக்கே நிலைத்தது, முதலாளி பெயர் டின்னில் நிலைத்தது. கேக் செய்தவர் பெயர் அஞ்சல்காரருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

பண்டங்களின் பிறந்த கதை என்றால் நாம் விரும்புவது ஒரு விபத்து. பிரான்சில் லாமோத்-பெவ்ரோன் என்ற ஊரில் விடுதி நடத்திய ததேன் சகோதரிகளின் தலைகீழ் ஆப்பிள் பண்டம் அப்படித்தான் சொல்லப்படுகிறது. சகோதரிகளில் ஒருவர் அவசரத்தில் அடியில் மாவு போட மறந்தார், மேலே மூடிச் சுட்டார், கவிழ்த்தால் அமிர்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வட்டாரத்தில் பழத்தைக் கவிழ்த்துச் சுடும் பழக்கம் அவர்களுக்கு முன்பே உண்டு. விபத்துக் கதைகள் எல்லாம் பண்டம் பேர் வாங்கிய பிறகு எழுதிக்கொள்கிற ஜாதகம் என்பது என் எண்ணம். நம் அன்னாசிக் கேக்குக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. யாரும் எதையும் கைதவறிப் போடவில்லை. கையில் டின் இருந்தது, மூலையில் சட்டி இருந்தது, இரண்டையும் சேர்த்தார்கள்.

செர்ரி மட்டும் தனிக் கதை. மராஸ்கினோ செர்ரி என்பது முதலில் தால்மேஷியக் கடற்கரையின் புளிச் செர்ரியை அதன் மதுவிலேயே ஊறவைத்தது. அமெரிக்காவில் 1920-லிருந்து மதுவிலக்கு. அந்தச் சமயத்தில் ஒரெகான் வேளாண் கல்லூரியில் எர்னஸ்ட் வீகாண்ட் என்ற பேராசிரியர், அங்கே விளையும் செர்ரியைச் சுண்ணாம்புச் சத்து சேர்ந்த உப்புநீரில் ஊறவைத்துக் குழைந்துபோகாமல் கெட்டியாக்கும் முறையைக் கண்டார். பிறகு சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் ஏற்றினால் சொட்டுச் சாராயம் இல்லாத செர்ரி தயார். டின் வட்டத்தின் ஓட்டையை நிரப்ப அது வாகாக அமைந்தது. நம் ஊர் பேக்கரியில் கேக் மேல் வைக்கும் 'செர்ரி' பெரும்பாலும் செர்ரியே அல்ல, விதை நீக்கிச் சாயமேற்றிப் பாகில் போட்ட களாக்காய். அதை வைத்துச் செய்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. களாவின் லேசான புளிப்பு இந்தக் கேக்கின் திகட்டலுக்கு மாற்றாக அமைகிறது என்றே சொல்வேன்.

ஹவாயில் அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் டோல் கையிலிருந்து நிறுவனம் நழுவியது. கூலி குறைந்த நாடுகளுக்குத் தொழில் மெல்ல இடம்பெயர்ந்தது. இவிலேய் தொழிற்சாலை 1991-ல் மூடப்பட்டது, லானாயில் 1992-ல் கடைசி அறுவடை. இப்போது கடையில் நாம் எடுக்கிற டின் தாய்லாந்து அல்லது பிலிப்பைன்ஸ் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். 850 கிராம் டின்னில் பெரும்பாலும் பத்து வட்டம் இருக்கும். ஏழு கேக்குக்கு, மூன்று செய்கிறவருக்கு.

டின் வேண்டாம், நல்ல பழமே போடலாமா என்றால், தாராளமாக. கொல்லிமலைப் பழமோ கேரளத்து வாழக்குளம் பழமோ கிடைக்கும்போது டின்னைத் தொடுவானேன். வாழக்குளம் பழம் மொரீஷியஸ் ரகம், கியூவைவிடச் சின்னது, மேலே குறுகும், ஆகவே வட்டங்கள் ஒரே அளவில் வராது. பெரியதை நடுவிலும் சிறியதைச் சுற்றியும் வைத்து, இடைவெளியில் அரை வட்டங்களைச் செருகிக்கொள்ள வேண்டும். விரலளவு மொத்தத்தில் அறுத்து, தண்டைச் சின்ன மூடியாலோ கத்தி முனையாலோ நீக்குங்கள். பச்சைப் பழத்தில் நீர் அதிகம். நேரே அடுக்கினால் கேக்கின் மேற்பரப்பு சொதசொதவென்று ஆகிவிடும். வாணலியில் ஒரு கரண்டிச் சர்க்கரையோடு இரண்டு பக்கமும் சுண்ட வதக்கி ஆறவிட்ட பிறகு அடுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. வதக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. பச்சை அன்னாசிச் சாற்றைப் பாலில் கலந்தால் கசப்பது அந்த நொதி பாலின் புரதத்தை உடைப்பதால்தான். சூடு பட்டால் நொதி செத்துவிடும். டின்னில் அடைக்கும்போதே வேகவைத்துவிடுவதால் அந்தச் சாற்றைப் பாலுக்குப் பதிலாக மாவில் தைரியமாக ஊற்றலாம்.

சட்டிக்கு: வெண்ணெய் 60 கிராம், நாட்டுச்சர்க்கரை 100 கிராம். அமெரிக்கப் பழுப்புச் சர்க்கரையின் வெல்லமணம் நாட்டுச்சர்க்கரையில் கூடுதலாகவே இருக்கிறது. கொழுகொழுவென்று சேர்ந்து நுரைக்கும்வரை உருக்கினால் போதும், பாகு பதம் பார்க்க வேண்டாம். மீதியை அவன் பார்த்துக்கொள்ளும். வட்டங்களைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து அடுக்குங்கள்.

மாவுக்கு: வெண்ணெய் 100 கிராமும் சர்க்கரை முக்கால் கப்பும் வெளுக்கும்வரை குழைத்து, முட்டை இரண்டை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, ஒன்றரை கப் மைதா, ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு இவற்றைச் சலித்துப் போட்டு, அரை கப் பாலோ டின் சாறோ ஊற்றிக் கலக்க வேண்டும். மைதா விழுந்த பிறகு ரொம்பக் கலக்கினால் கேக் ரப்பராகும். கரைசல் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். நீர்த்தால் வட்டங்களுக்கு அடியில் புகுந்து, கவிழ்க்கும்போது பழத்தைத் திட்டுத் திட்டாக மூடிக்கொண்டு வரும். முட்டை ஆகாத வீடுகளில் இரண்டு முட்டைக்குப் பதில் அரை கப் கெட்டித் தயிரும் அரைத் தேக்கரண்டி சோடா உப்பும் சேர்க்கிறார்கள். நன்றாகவே வருகிறது.

180 டிகிரியில் நாற்பது நிமிடம், சில அவன்களில் ஐந்து நிமிடம் கூடலாம். குச்சி குத்திப் பார்க்கும்போது மாவுவரை மட்டும் குத்துங்கள். அடிவரை போனால் பாகு ஒட்டிக்கொண்டு வந்து வேகவில்லையோ என்று குழப்பும். அவன் இல்லாத வீட்டில் குக்கர் போதும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, ஒரு வளையத்தின் மேல் பாத்திரத்தை வைத்து, பத்து நிமிடம் சூடேற்றிய பிறகு சிறு தீயில் வைக்க வேண்டும். இந்தக் கேக்கில் சர்க்கரை அடியில் இருப்பதால் தீ கொஞ்சம் கூடினாலும் முதலில் கருகுவது அலங்காரம்தான். உப்பைக் கஞ்சத்தனம் பார்க்காமல் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் போடுங்கள்.

கவிழ்க்கும் நேரம்தான் எல்லாம். எடுத்த உடனே கவிழ்த்தால் பாகு தண்ணீராக வழிந்து தட்டைவிட்டு மேசைக்குப் போகும். முழுக்க ஆறிய பிறகு கவிழ்த்தால் பாகு மிட்டாயாக இறுகி, பழம் சட்டியோடு தங்கிவிடும். ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஓரத்தைக் கத்தியால் ஒரு சுற்று விட்டு, தட்டை மேலே மூடி, இரண்டையும் துணியோடு இறுகப் பிடித்து ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு சட்டியை உடனே தூக்காமல் ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், பாகு இறங்கி மாவில் ஊறட்டும். அதற்குப் பிறகும் ஒரு வட்டம் சட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், தோசைத் திருப்பியால் பெயர்த்து அதன் இடத்தில் வைத்துவிட்டு, சட்டியில் மிஞ்சிய பாகை வழித்து மேலே தடவிவிடலாம். பரிமாறும்போது யாருக்கும் தெரியப்போவதில்லை.